ஆச்சி இருந்த இடத்தில் சிவப்பு

பிரீமியர் புரோவில் எடிட் பண்ணியவர்களுக்கு அந்தச் சிவப்பு தெரிந்திருக்கும். டைம்லைனில் வீடியோ ஓடிக்கொண்டே போகும். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகும். அதில் 'மீடியா ஓஃப்லைன்' என்று பல மொழிகளில் எழுதியிருக்கும். ஜெர்மன் இருக்கும், யப்பான் மொழி இருக்கும். தமிழ் இல்லை, சிங்களமும் இல்லை. அந்த விசயத்தில் மட்டும் ரெண்டு பேருக்கும் சம உரிமை.

போன ஓகஸ்டில் ஒரு பின்னேரம் நாங்கள் நாலு பேரும் ஒரு அறைக்குள் இருந்து அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குக் கீழே வெள்ளை எழுத்தில் சப்டைட்டில் மட்டும் ஓடியது. "அப்ப நாங்கள் மானிப்பாயில. மகன்ர கடிதம் ஊர்காவற்றுறைக்குத்தான் போகும்." அது போய் அடுத்தது வந்தது. "அங்க வாங்கிறதுக்கு ஆள் இல்லை." வசனங்கள் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போயின. சொல்லுகிற முகமும் இல்லை, குரலும் இல்லை.

அதைச் சொன்ன ஆச்சி காலமாகி அன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். காலையில்தான் ஜெர்மனியில் இருந்து செத்தவீட்டுக்கு வந்திருந்த அவவின் மகன் எங்களுக்கு ஃபோன் எடுத்தார். "தம்பியவை, அம்மாவை நீங்கள் வீடியோ எடுத்தனீங்களாமே? முப்பத்தோராம் நாளுக்குப் போட்டுக் காட்டலாமோ? என்னட்டை அவ கதைக்கிற ஒண்டும் இல்லை, எல்லாம் படம்தான்." நாங்கள் உடனே சொன்னோம், "ஓம் அங்கிள், இருக்கு. பிரச்சினை இல்லை." அந்த 'பிரச்சினை இல்லை' என்பதை இப்ப நினைத்தாலும் கூசுது.

படம் பெப்ரவரியில் எடுத்தது. எங்கட பாடத்துக்கு ஒரு ஆவணப்படம் செய்து குடுக்க வேணும், 12 நிமிசத்துக்கு மேலே போகக் கூடாது. தீவுகளுக்குத் தபால் எப்படிப் போகுது என்று எடுப்பம் என்று சொன்னது எங்கட வேலணைக்காரி. (இந்தக் கட்டுரையில் ஒருத்தருக்கும் பேர் இல்லை. ஊரும் வேலையும்தான். எல்லாரும் கேட்டுக்கொண்டது அது.) குறிகட்டுவானில் தபால் பை படகில் ஏறுவதை எடுக்கலாம், நெடுந்தீவில் மாவிலித்துறையில் அது இறங்குவதை எடுக்கலாம். இடையில் ஒரு மணித்தியாலக் கடல். யாழ்ப்பாணத்தில் ஆவணப்படம் எண்டால் நாலு பனையும் ஒரு ட்ரோன் ஷொட்டும் இருந்தால் பாதி மார்க்ஸ் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கு. எங்களிடம் ட்ரோன் இல்லை. நெடுந்தீவுக் குதிரைகளை நம்பிப் போனோம்.

ஆச்சியை நாங்கள் தேடிப் போகவில்லை. ஊர்காவற்றுறையில், காரைநகர்ப் பக்கம் போகிற பாதைக்குக் காத்து நின்றபோதுதான் அவவைப் பற்றிக் கேள்விப்பட்டோம். 'பாதை' எண்டால் றோட்டு இல்லை, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கிற மிதவை. தூரத்தில் கடற்கோட்டை தெரிந்தது, கமராக்காரன் அதைப் பத்தாவது தரமாக எடுத்துக்கொண்டிருந்தான். தேத்தண்ணிக் கடைக்காரர் எங்களை விசாரித்துவிட்டுச் சொன்னார்: "தபால் எண்டால் கரம்பொன்னில ஒரு ஆச்சி இருக்கிறா, அவவிட்டைக் கேளுங்கோ. சீவியம் முழுக்கக் கடிதத்துக்குக் காவல் இருந்த மனிசி."

ஆச்சிக்கு 84 வயது. வீட்டில் தனிய. எங்களைக் கண்டதும் முதல் கேட்டது, "சாப்பிட்டியளோ?" ரெண்டாவது கேட்டது, "ஆற்ற பிள்ளையள்?" ரெண்டு கேள்விக்கும் திருப்தியான பதில் கிடைத்த பிறகுதான் கதிரையில் இருந்தா. ரெண்டு மணித்தியாலம் கதைத்தா. அதில் ஒரு ஒன்பது நிமிசம் அவவின் விலாசங்களைப் பற்றியது.

மகன் ஜெர்மனிக்குப் போனது 1988 இல். அப்போது விலாசம் கரம்பொன். 1990 இல் இராணுவம் தீவுப்பகுதிக்குள் வந்தபோது குடும்பம் மானிப்பாய்க்கு ஓடியது. மகனுக்கு அது தெரியாது, அவர் கரம்பொன்னுக்கே எழுதிக்கொண்டிருந்தார். புது விலாசம் அவருக்குப் போய்ச் சேர்ந்து, அவர் மானிப்பாய்க்கு எழுதப் பழகின பிறகு 1995 ஒக்டோபர் 30 வந்தது. வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த இரவு. அடுத்த விலாசம் சாவகச்சேரி. 1996 இல் திரும்ப மானிப்பாய், ஆனால் வேறு வீடு. 2002 சமாதான காலத்தில் திரும்பவும் கரம்பொன். ஒரு பழைய கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இந்த ஐந்தையும் அவ எழுதி வைத்திருந்தா. ஒவ்வொன்றிலும் எத்தனை கடிதம் வந்தது, எத்தனை வரவில்லை என்றும். வராத கடிதத்தை எப்படி எண்ணினீங்கள் ஆச்சி என்று கேட்டோம். மகன் கடிதங்களுக்கு இலக்கம் போட்டு எழுதுவாராம். 14 வந்து 17 வந்தால் நடுவில் ரெண்டு எங்கேயோ நிற்குது என்று அர்த்தம்.

அந்த ஒன்பது நிமிசமும் எங்கட முடிந்த படத்தில் இல்லை. 12 நிமிசக் கட்டுப்பாடு. ஆச்சிக்கு நாங்கள் குடுத்தது 25 செக்கன், அதுவும் குரலைக் குறைத்து மேலே வீணை போட்டு. குதிரைகளுக்கு ஒன்றரை நிமிசம். ஆனால் எடிட்டர் அந்த ஒன்பது நிமிசத்தையும் தனி டைம்லைனில் வெட்டி, சப்டைட்டில் எல்லாம் அடித்து வைத்திருந்தான். 'பிறகு தனியாப் போடுவம்' என்ற நினைப்பு. சிவப்பாகிப் போனது அந்த டைம்லைன்தான்.

எங்களில் மூன்று பேருக்கு அன்றைக்கு வரைக்கும் விளங்காமல் இருந்த ஒரு விசயத்தை இதில் சொல்ல வேணும். எடிட்டிங் மென்பொருளுக்குள் வீடியோ இருப்பதில்லை. எங்கட புரொஜெக்ட் பைல் வெறும் 9 எம்பி. எடுத்த வீடியோக்கள் எல்லாம் சேர்ந்து 210 ஜிபி. 210 எப்படி 9 க்குள் போகும்? போகாது. அந்த 9 எம்பிக்குள் இருப்பது விலாசங்கள்தான். இந்த டிரைவில், இந்தப் போல்டரில், இந்தப் பேரில் ஒரு பைல் இருக்கு, அதில் இந்தச் செக்கனில் இருந்து இந்தச் செக்கன் வரைக்கும் காட்டு, அதற்குப் பிறகு அடுத்த விலாசத்துக்குப் போ. வெட்டுவது, ஒட்டுவது, நிறம் மாற்றுவது எல்லாம் அந்தக் குறிப்பில்தான் நடக்குது. மூல வீடியோவை அது தொடுவதே இல்லை. நீங்கள் பைலை வேறு போல்டருக்கு மாற்றினாலோ பேரை மாற்றினாலோ மென்பொருள் பழைய விலாசத்துக்கே போய்க் கதவைத் தட்டும். ஆள் இல்லை என்றால் சிவப்பைக் காட்டும்.

எடிட்டர் இதை விளங்கப்படுத்தி முடிக்க வேலணைக்காரி சொன்னாள், "இதைத்தானே அந்த ஆச்சி ஒன்பது நிமிசமாச் சொன்னவா." ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஓஃப்லைன் என்பதைத் தமிழில் என்னவென்று சொல்லலாம் என்று ஒரு கதை வந்தது. 'காணாமல் போன' என்று கமராக்காரன் வாயெடுத்தான், பிறகு தானே நிறுத்திக்கொண்டான். 2017 பெப்ரவரியில் இருந்து கிளிநொச்சியில் தாய்மார் றோட்டோரம் படத்தைப் பிடித்துக்கொண்டு இருந்த நாட்டில் அந்தச் சொல்லை ஒரு எம்பி4 க்குப் பாவிக்க வாய் வராது. 'விலாசம் தெரியாத' என்று வைத்துக்கொண்டோம். உண்மையில் அதுதான் சரியான மொழிபெயர்ப்பும். ஓஃப்லைன் எண்டால் அழிந்தது என்று அர்த்தம் இல்லை. மென்பொருளுக்கு இடம் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். பயந்துபோய் 'ஓஃப்லைன் ஓல்' என்ற பட்டனை அமத்திவிட்டு மூடி வைக்கிற ஆட்கள் இருக்கினம். அமத்தாதேங்கோ, தேடுங்கோ.

முதலில் எங்களுக்கு எல்லாமே சிவப்புத்தான், ஆச்சி மட்டும் இல்லை. 143 கிளிப். காரணம் அற்பமானது. எடிட் பண்ணின லப்டொப்பில் எங்கட ஹார்ட் டிஸ்க் 'எஃப்' டிரைவாக இருந்தது. இந்த லப்டொப்பில் கொழுவினபோது அது 'ஈ' டிரைவாக வந்துவிட்டது. விண்டோஸ் காலியாக இருக்கிற எழுத்தைத் தூக்கிக் குடுக்கும், முதல் என்ன எழுத்து இருந்தது என்று அதற்குக் கவலை இல்லை. ஒரே வீடு, ஒழுங்கையின் பேர் மட்டும் மாறிவிட்டது. இதற்கு 'லிங்க் மீடியா' என்ற பெட்டி வரும். அதில் ஒவ்வொரு பைலின் பேரும் பழைய விலாசமும் இருக்கும். 'லொக்கேட்' அமத்தி ஒன்றைக் காட்டிக் குடுத்தால் போதும். 'மற்றவற்றையும் தானாகவே இணை' என்ற இடத்தில் சரி போட்டிருந்தால், அதே ஒழுங்கில் இருக்கிற மிச்ச எல்லாவற்றையும் அதுவே தேடி எடுக்கும். 117 கிளிப் ஒரே அடியில் எழும்பி வந்தன. கடல், படகு, தபால் பை, குறிகட்டுவானில் வாந்தி எடுத்த எங்கட கமராக்காரன். நாங்கள் கை தட்டினோம்.

மிச்சத்தில் 23, ஆட்கள் ஒழுங்கில்லாமல் வைத்த போல்டர்களுக்குள் கிடந்தன. 'புதுசு', 'புதுசு 2', 'உண்மையான புதுசு'. ஒவ்வொன்றாகக் காட்டிக் குடுக்க வேண்டியிருந்தது. அதில்தான் அந்தக் கூத்து நடந்தது. ஆச்சியின் டைம்லைனில் ஒரு இடம் திடீரென்று உயிர் வந்து ஓடியது. சப்டைட்டில் சொல்லுது: "பூட்டின கதவுக்குக் கீழால போட்ட கடிதம். ஆறு மாசம் எங்களுக்காக நிலத்தில கிடந்திருக்கு." திரையில் ஒரு குதிரை. நெடுந்தீவு வெளியில் நின்று, வாலை ஆட்டி, கமராவைப் பார்த்துக்கொண்டு, அந்த வசனம் முழுவதையும் அதுதான் சொல்லுது.

எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, பிறகு ஒரு மாதிரியாகவும் போய்விட்டது. என்ன நடந்தது எண்டால், நாங்கள் ரெண்டு கமரா கொண்டு போனோம். ரெண்டும் ஒரே கொம்பனி. கார்டை ஃபோமட் பண்ணும்போது இலக்கம் திரும்ப 0001 இல் இருந்து தொடங்குகிற மாதிரி ரெண்டிலும் செட் பண்ணியிருந்தது. அதனால் ஆச்சியும் எம்விஐ 0043, குதிரையும் எம்விஐ 0043. மென்பொருள் பார்ப்பது பேரையும் கடைசியில் இருக்கிற வாலையும்தான், முகத்தை இல்லை. ஒரே பேரில் ரெண்டு பேர் இருக்கிற ஊரில் தபால்காரர் அப்பாவின் பேரைக் கேட்பார். மென்பொருள் கேட்காது. பைலின் நீளம், எடுத்த திகதி ரெண்டையும் நாங்கள்தான் ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேணும். சிவப்பு வந்தால் பிழை என்று தெரியும். குதிரை வந்தால் தெரியும். கடல் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு கடல் வந்திருந்தால் நாங்கள் கண்டே பிடித்திருக்க மாட்டோம். இப்பவும் ரெண்டு மூன்று இடத்தில் அப்படி இருக்கலாம் என்று எடிட்டருக்கு ஒரு சந்தேகம்.

குதிரையைக் கழற்றின பிறகு மிச்சம் 3 கிளிப். மூன்றும் ஆச்சி.

பெட்டியில் அந்த மூன்றின் பழைய விலாசத்தையும் வாசித்தோம். 'எஃப்' டிரைவ் இல்லை. 'சி' டிரைவ், டெஸ்க்டொப், 'ஆச்சி கொப்பி பண்ணோணும்' என்ற போல்டர். அந்தப் போல்டரின் பேரை வாசித்ததும் எடிட்டர் தலையில் கை வைத்தான். எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. கரம்பொன்னில் எடுத்த அன்றிரவு ஹார்ட் டிஸ்க் எங்களிடம் இல்லை, அது கமராக்காரனின் பையோடு நெடுந்தீவுக்குப் போய்விட்டது. அடுத்த நாள் கார்ட் வேணும். அதனால் எங்கட நாலாவது ஆளின் லப்டொப்பில் டெஸ்க்டொப்பிலேயே போட்டோம். பிறகு மாத்துவம் என்று பேரிலேயே எழுதி வைத்தோம். பிறகு அதிலேயே எடிட்டும் பண்ணினோம். எல்லாம் வேலை செய்ததால் மாற்றுகிற நினைப்பு வரவில்லை. ஏப்ரலில் படத்தைக் குடுத்தோம். ஜூனில் அவவின் லப்டொப் மெதுவாக ஓடுது என்று கடையில் குடுத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டாள். கடைக்காரர் கேட்டாராம், "டெஸ்க்டொப்பில ஏதும் முக்கியமா இருக்கோ?" "அசைன்மென்ட் எல்லாம் குடுத்திட்டன், ஒண்டும் இல்லை" என்றிருக்கிறாள். அவவில் பிழை இல்லை. அது அவவின் லப்டொப், எங்கட ஆச்சி.

கார்ட்? கார்டை அடுத்த நாளே ஃபோமட் பண்ணிக் குதிரை எடுத்தோம். அதற்குப் பிறகு அதில் ஒரு பிறந்தநாள், ஒரு விளையாட்டுப் போட்டி, ஒரு கலைவிழா.

இந்த இடத்தில் எங்களுக்கு எங்களிலேயே கோபம் வந்த காரணத்தைச் சொல்ல வேணும். நாங்கள் கலைப்பீடப் பிள்ளைகள். ஆவணப்படுத்தல் என்று கேட்டால் மைக்கைக் குடுங்கோ, ஒரு மணித்தியாலம் கதைப்போம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் போனது என்று நித்திரையிலும் சொல்லுவோம். 1983 யூலையில் ஹெந்தளையில் விஜயா ஸ்ரூடியோவை எரித்தபோது எத்தனையோ படங்களின் நெகட்டிவ்கள் சேர்ந்து எரிந்ததையும் கட்டுரையில் எழுதியிருக்கிறோம். எல்லாவற்றையும் அந்த நெருப்போடு கொண்டுபோய் முடிச்சுப் போடுவது எங்கட ஆட்களின் பழக்கம், அதற்கு நியாயமும் இருக்கு. ஆனால் ஆச்சியை ஒருத்தரும் எரிக்கவில்லை. எங்களிடம் கரண்ட் இருந்தது, லப்டொப் இருந்தது, இன்னொரு கார்ட் வாங்கக் காசும் இருந்தது. அந்தக் காசுக்குக் குறிகட்டுவானில் றோலும் சோடாவும் வாங்கினோம். ஃபோமட் பட்டனை அமத்தின விரல் எங்கட விரல்.

ஆறுதலுக்கு ஒன்று கிடைத்தது. நிலவில் முதல் கால் வைத்ததை அப்பல்லோ 11 இல் இருந்து நேரடியாகப் பதிந்த மூலக் காந்த நாடாக்களை நாஸா பல வருசமாகத் தேடியது. அவற்றை அழித்துவிட்டு வேறு பதிவுகளுக்குத் திரும்பப் பாவித்திருக்க வேணும் என்று 2009 இல் முடிவுக்கு வந்தார்கள். நாடா தட்டுப்பாடாம். தொலைக்காட்சிகளிடம் இருந்த கொப்பிகள்தான் மிச்சம். நாஸாவும் கார்டை ஃபோமட் பண்ணியிருக்கு என்று கமராக்காரன் சொன்னான். ஆறுதல் ஒரு ஐந்து நிமிசம் நின்றது.

பிறகு மீட்கிற முயற்சி. கார்டை ஃபோமட் பண்ணினாலும் உள்ளே இருப்பது உடனே அழியாது. பட்டியல் மட்டும்தான் அழியும், அதன் மேல் புதிதாக ஏதும் எழுதும் வரைக்கும் பழையது கிடக்கும். அதனால் தவறி அழித்தால் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தக் கார்டைக் கழற்றி ஒரு பக்கம் வைப்பது. ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. எங்களுக்கு அது ஆறு மாதம் பிந்திய அறிவு. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை இரவு முழுக்க ஓட விட்டோம். விடிய 31 பைல் தந்தது. பேர் இல்லாமல், வெறும் இலக்கங்களோடு. முக்கால்வாசி திறக்கவே இல்லை. திறந்ததில் விளையாட்டுப் போட்டி வந்தது. கலைவிழா வந்தது. ஒன்றில் மூன்று செக்கன் குதிரை வந்தது. அந்தக் குதிரை எங்களை விடுகிற மாதிரி இல்லை.

நாலாம் நாள் வேலணைக்காரி இரவு பதினொரு மணிக்குக் குரூப்பில் ஒரு வீடியோ போட்டாள். கீழே ஒன்றும் எழுதவில்லை. அமத்தினால் ஆச்சி. ஆட்டம், மங்கல், காற்றுச் சத்தம், பக்கவாட்டில் இருந்து எடுத்தது, ஆனால் ஆச்சி. 1 நிமிசம் 52 செக்கன்.

அவள் அன்றைக்குத் தன் ஃபோனில் பக்கத்தில் நின்று ஒரு துண்டு எடுத்திருக்கிறாள். எங்கட படத்துக்கு இல்லை. ஆச்சி தன் அம்மம்மா மாதிரியே கதைக்கிறா என்று அம்மாவுக்குக் காட்ட. வட்ஸ்அப்பில் வேலணைக்கு அனுப்பிவிட்டு, ஸ்டோரேஜ் நிரம்பினபோது தன்னுடையதை அழித்துவிட்டாள், அனுப்பினதையும் மறந்துவிட்டாள். அம்மா அழிக்கவில்லை. அம்மா எதையும் அழிப்பதில்லை. அந்த ஃபோனில் ஆயிரக்கணக்கான காலை வணக்கப் பூக்களுக்கும் சாமிப் படங்களுக்கும் நடுவில் ஆச்சி ஆறு மாதமாக இருந்திருக்கிறா.

இப்படி ஒரு கதை பெரிய இடத்திலும் நடந்திருக்கு. 1998 இல் பிக்ஸாரில் 'டோய் ஸ்டோரி 2' செய்துகொண்டிருந்தபோது ஆரோ ஒருவர் அழிக்கிற கட்டளையைப் பிழையான இடத்தில் குடுக்க, படத்தின் பைல்கள் கண்ணுக்கு முன்னால் மறைந்துகொண்டு போயின. பேக்கப் எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், பார்த்தால் அந்தப் பேக்கப் கொஞ்சக் காலமாகவே ஒழுங்காக வேலை செய்யவில்லை. காப்பாற்றியது கேலின் சஸ்மன் என்ற பெண். கைக்குழந்தையோடு வீட்டில் இருந்து வேலை செய்வதற்காகத் தன் வீட்டுக் கொம்பியூட்டரில் ஒரு கொப்பி வைத்திருந்தா. அதைப் போர்வையால் சுற்றிக் காரில் கொண்டு வந்தார்களாம். பிறகு கதை சரியில்லை என்று அந்தப் படத்தின் பெரும்பகுதியைத் திரும்பச் செய்தது வேறு விசயம். எங்களுக்குப் பிடித்தது அந்தப் போர்வை. எங்கட கொப்பி வேலணையில் ஒரு அம்மாவின் ஃபோனில் இருந்தது, போர்வை தேவைப்படவில்லை.

இப்ப நாங்கள் எப்படிச் செய்கிறோம் என்று கேட்பீர்கள். ஒரு படத்துக்கு ஒரு போல்டர், புரொஜெக்ட் பைலும் அதற்குள்தான், இசையும் அதற்குள்தான். டெஸ்க்டொப்பில் இருந்தோ டவுன்லோட்ஸில் இருந்தோ எதையும் டைம்லைனுக்குள் இழுப்பதில்லை. கார்டில் இருந்து இறக்கினதும், எடிட் தொடங்குவதற்கு முதல், பைல்களுக்குத் திகதி, இடம், கமரா மூன்றையும் சேர்த்துப் பேர் வைக்கிறோம். தொடங்கினபிறகு பேரைத் தொடுவதில்லை. ரெண்டு இடத்தில் கொப்பி பண்ணி, திறந்து ஓட விட்டுப் பார்த்த பிறகுதான் கார்டை ஃபோமட் பண்ணலாம், அதையும் ஒரு ஆள் தனியச் செய்யக் கூடாது. ஹார்ட் டிஸ்குக்கு விண்டோஸில் நிரந்தரமாக ஒரு எழுத்தைக் குடுத்து வைத்திருக்கிறோம். படம் முடிந்ததும் பிரீமியரில் 'புரொஜெக்ட் மனேஜர்' போய், பாவித்த எல்லாப் பைலையும் ஒரே இடத்துக்குச் சேர்த்துக் கொப்பி பண்ணுகிற வழியைத் தெரிவு செய்கிறோம். டாவின்சி ரிஸோல்வ் பாவிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேணும். அதில் புரொஜெக்ட் ஒரு டேட்டாபேஸுக்குள் இருக்கும், போல்டரில் தேடினால் கிடைக்காது. 'புரொஜெக்ட் ஆர்கைவ்' எடுத்தால்தான் வீடியோக்களும் சேர்ந்து வரும். இதெல்லாம் யூடியூப்பில் எப்பவோ பார்த்ததுதான். பார்க்கும்போது எங்களிடம் ஆச்சி இருந்தா, அதனால் காதில் ஏறவில்லை.

மகனுக்கு ஃபோன் எடுத்துச் சொல்ல ரெண்டு நாள் எடுத்தது. ஆர் சொல்வது என்று சீட்டுக் குலுக்கினோம், அது கமராக்காரனுக்கு விழுந்தது. அவன் எல்லாவற்றையும் சொன்னான், ஃபோமட் பண்ணினதையும். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "சரி தம்பி. உள்ளதைக் கொண்டு வாங்கோ" என்றார்.

முப்பத்தோராம் நாள் கரம்பொன்னுக்குப் போனோம். சாப்பாடு முடிந்து ஆட்கள் கொஞ்சம் குறைந்த பிறகு, விறாந்தையில் லப்டொப்பை வைத்து அந்த 1 நிமிசம் 52 செக்கனைப் போட்டோம். சனம் எட்டிப் பார்த்து, "ஐயோ, உதே கதை" என்றது. கல்வெட்டில் ஆச்சியின் ஐந்து விலாசங்களையும் அச்சடித்திருந்தார்கள். கொப்பி வீட்டில் இருந்திருக்கு. நாங்கள் ஒரு பிரதி கேட்டு வாங்கினோம், நூலகம் தளத்துக்கு அனுப்ப. அவர்கள் நினைவுமலர்களையும் சேர்த்து வைக்கிறவர்கள்.

போக வெளிக்கிட்டபோது மகன் கேட்டார், "மற்றது? அந்தச் சிவப்பா இருக்கிறது எண்டு சொன்ன தம்பி?" வேண்டாம் அங்கிள், அதில் ஒன்றும் இல்லை என்றோம். போடச் சொன்னார். ஒன்பது நிமிசமும் சிவப்பு, கீழே எழுத்து. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் வாசித்தார். எடிட்டர் சப்டைட்டிலை முறைப்படி அடித்தவன், இருமினது, சிரித்தது எல்லாம் அடைப்புக்குறிக்குள் இருக்கும். "பிறகு திரும்ப மானிப்பாய், வேற வீடு. வீட்டுக்காரி நல்லவா." அடுத்தது: [சிரிக்கிறா]. அடுத்தது: "அதை விடுங்கோ. கடைசியாக் கரம்பொன்."

அவர் நிறுத்தினார். "அதில ஏன் சிரிச்சவா?"

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். நாலு பேரும் அன்றைக்கு முன்னால்தான் இருந்தோம். பூனை ஒன்று மடியில் பாய்ந்தது என்று கமராக்காரன் சொன்னான். இல்லை, அது முதல், அந்த வீட்டுக்காரியைப் பற்றித்தான் ஏதோ கையால் காட்டினவா என்று வேலணைக்காரி சொன்னாள். எடிட்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவன்தான் அந்த இடத்தை ஆகக் கூடப் பார்த்தவன், சப்டைட்டில் அடிக்கும்போது பத்துத் தரமாவது போட்டிருப்பான்.

மகன் டைம்லைனைப் பின்னுக்கு இழுத்து அந்த இடத்தை இன்னொருக்காப் போட்டார்.